காலி சேனல் யார் கையில்? தமிழ்நாட்டு உள்ளூர் கேபிள் செய்தி: ஒரு நிகழ்வு ஆய்வு

2000களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டின் நடுத்தர ஊர்கள் பலவற்றில் மாலையானால் உள்ளூர் கேபிள் சேனலில் செய்தி ஓடும். நகராட்சிக் கூட்டத்தில் நடந்த வாக்குவாதம், ஒரு வாரமாகக் குடிநீர் வராத வார்டு, தேரோட்டம், அரசுப் பள்ளி ஆண்டு விழா. இடையில் ஜவுளிக்கடை விளம்பரம், அடியில் கண்ணீர் அஞ்சலி ஸ்க்ரோல். அடுத்த பதினைந்து ஆண்டுகளில் இவற்றில் பல கேபிளிலிருந்து காணாமல் போயின. யூடியூப் வந்துவிட்டது, ரசனை மாறிவிட்டது என்று காரணம் சொல்வார்கள். அது பாதிக் கதை. உள்ளூர்ச் செய்தியின் தலையெழுத்தை எப்போதும் ஒரு சாதாரணத் தொழில்நுட்ப விஷயமே எழுதி வந்திருக்கிறது: நிகழ்ச்சியை சிக்னலுக்குள் எந்த இடத்தில் நுழைக்க முடியும், அந்த இடத்தின் சாவி யாரிடம் இருக்கிறது என்பதே அது.

கோபுரம் உண்டு, ஸ்டுடியோ இல்லை

டெல்லியில் 1959 செப்டம்பர் 15இல் சோதனை முறையில் தொலைக்காட்சி தொடங்கியது. சென்னைக்கு அது வர 1975 ஆகஸ்ட் 15 வரை ஆனது. அப்போது வானொலியின் ஒரு கிளையாகத்தான் தொலைக்காட்சி இருந்தது. 1976 ஏப்ரல் 1இல் தூர்தர்ஷன் தனித் துறையானது.

அந்தக் காலத்தில் செய்திப் படம் என்றால் 16 மி.மீ. ஃபிலிம். 100 அடிச் சுருள் ஒன்று விநாடிக்கு 25 சட்டகம் என்ற கணக்கில் 2 நிமிடம் 40 விநாடிதான் ஓடும். எடுத்த சுருள் லேபுக்கு வந்து, கழுவி, உலர்ந்து, வெட்டி ஒட்டிய பிறகே ஒளிபரப்புக்குத் தயார். சென்னைக்குள் காலையில் நடந்த விழா மாலைச் செய்தியில் வந்துவிடும். திருநெல்வேலியில் நடந்தது ரயிலேறி வர வேண்டும். வந்து சேரும்போது அதன் சூடு ஆறியிருக்கும். எனவே மாவட்டம் என்பது செய்தி வாசிப்பவரின் குரலில் இரண்டு வாக்கியமாக மட்டும் இருந்தது. ஷோபனா ரவியின் முகம் வீட்டுக்கு வீடு தெரிந்த அளவுக்கு, அவர் வாசித்த ஊர்களின் முகம் திரையில் தெரியாமல் போனதற்கு இதுவே முதல் காரணம்.

இன்சாட்-1பி செயற்கைக்கோள் 1983 ஆகஸ்டில் ஏவப்பட்டு அடுத்த ஆண்டு நிலைமை தலைகீழானது. 1984இல் நாடு முழுவதும் நாளுக்கு ஒன்று என்ற வேகத்தில் ஒளிபரப்பிகள் நிறுவப்பட்டன. பெரும்பாலானவை 100 வாட் திறன் கொண்ட குறைசக்தி நிலையங்கள். ஊரைச் சுற்றிப் பத்துப் பதினைந்து கிலோமீட்டர்தான் எட்டும். ஒரு டிஷ், ஒரு ரிசீவர், ஒரு டிரான்ஸ்மிட்டர், ஒரு கோபுரம், ஷிஃப்டுக்கு ஓரிரு பொறியாளர்கள். செயற்கைக்கோளிலிருந்து வருவதை அப்படியே திருப்பி அனுப்புவது மட்டுமே வேலை. கேமராவும் கிடையாது, மைக்கும் கிடையாது, உள்ளூர் நிகழ்ச்சியை நுழைக்க வழியும் கிடையாது. செயற்கைக்கோளில் வந்ததோ டெல்லி. ஆகவே தொடக்கத்தில் சென்னைக்கு வெளியே பல ஊர்களுக்கு இந்தி நிகழ்ச்சிதான் போய்ச் சேர்ந்தது. சென்னை நிலையத்தின் தமிழ் நிகழ்ச்சிகள் எட்டவில்லை. தென்கடலோர மாவட்டங்களில் மொட்டைமாடியில் உயரமான கம்பம் நட்டு, யாகி ஆண்டெனாவைக் கிழக்கே திருப்பி, பூஸ்டர் மாட்டி இலங்கை ரூபவாஹினி பார்த்தார்கள். 1982 பிப்ரவரியில் தொடங்கிய அந்த ஒளிபரப்பு அவர்களுக்குச் சென்னையைவிடப் பக்கம்.

மொழி கிடைத்தது, மாவட்டம் கிடைக்கவில்லை

1993 ஏப்ரல் 14இல் சன் டிவி, அடுத்த ஆண்டு ராஜ் டிவி, 1999இல் ஜெயா டிவி. தமிழ்ச் செய்திக்கு இனி டெல்லியின் தயவு வேண்டாம் என்றானது. ஆனால் செயற்கைக்கோள் சேனல் ஒரே நேரத்தில் தமிழகம் முழுவதற்கும் பேசுகிறது. அரை மணிச் செய்தியில் விளம்பரம் போக 22 நிமிடம். அரசியல், டெல்லி, சினிமா, கிரிக்கெட் போக மிச்சம் இருப்பதில் முப்பதுக்கும் மேற்பட்ட மாவட்டங்கள் முண்டியடிக்க வேண்டும். விபத்து, கொலை, அமைச்சர் வருகை இம்மூன்றில் ஒன்று நடந்தால் ஒழிய ஒரு ஊருக்கு 40 விநாடி கிடைப்பது அரிது.

மாவட்ட நிருபர்களில் பெரும்பாலோர் செய்திக்கு இவ்வளவு என்று கூலி பெறும் பகுதிநேரக்காரர்கள். கேமராவும் பைக்கும் சொந்தச் செலவு. செய்தி ஓடினால்தான் பணம். மினிடிவி (MiniDV) எனும் சிறு டிஜிட்டல் வீடியோ கேசட்டில் எடுத்து, சென்னை போகும் பஸ்ஸில் கண்டக்டரிடமோ டிரைவரிடமோ கவரைக் கொடுத்து, பஸ் எண்ணை அலுவலகத்துக்குப் போனில் சொல்லிவிடுவார்கள். கோயம்பேட்டில் ஆள் நின்று வாங்கிக்கொள்வார். பிராட்பேண்ட் வந்த பிறகு இது இணையம் வழியே கோப்பை அனுப்பும் எஃப்.டி.பி. ஆனது. ஒரு மணி நேர மினிடிவி காட்சி 13 ஜி.பி. அதை அப்படியே ஏற்ற முடியாததால், தேவையான 2 நிமிடத்தை வெட்டிச் சுருக்கி அனுப்புவார்கள். 2011 முதல் புதிய தலைமுறை, தந்தி டிவி என்று மேலும் முழுநேரச் செய்தி சேனல்கள் வந்தன. நாலைந்து சிம் கார்டை ஒன்றாகக் கட்டி நேரலை அனுப்பும் முதுகுப்பை கருவிகளும் வந்தன. செய்தி நேரம் 24 மணியானது. மாவட்டத்துக்கு அதில் சேர்ந்தது மிகச் சிறிது. ஒரு பெரிய சம்பவத்தை நாள் முழுக்கச் சுழற்றுவது பத்து ஊர்ச் செய்தியைத் திரட்டுவதைவிடச் செலவு குறைவு, அவ்வளவுதான்.

கன்ட்ரோல் ரூம்

கேபிள் இந்தியாவில் வீடியோ பிளேயரிலிருந்து பிறந்தது. 1980களில் அடுக்குமாடிகளிலும் தெருக்களிலும் ஒரு வி.சி.ஆரிலிருந்து பல வீடுகளுக்கு வயர் இழுத்துப் படம் போட்டார்கள். 1991இல் வளைகுடாப் போரும் ஸ்டார் டிவியும் வந்ததும் அதே வயரின் தலைமாட்டில் டிஷ் ஏறியது. எனவே ‘நம் சொந்த சேனல்’ என்பது கேபிள்காரருக்குப் பிறகு முளைத்த ஆசை அல்ல. அவர் தொழிலே அங்கேதான் தொடங்கியது.

சுமார் 2002ஆம் ஆண்டின் ஒரு நடுத்தர ஊர்க் கன்ட்ரோல் ரூமைப் பார்ப்போம். மாடியில் 8 அடி முதல் 12 அடி வரை சில டிஷ்கள். கீழே ரேக்கில் சேனலுக்கு ஒரு ரிசீவர், சேனலுக்கு ஒரு மாடுலேட்டர் (படத்தையும் ஒலியையும் ஓர் அலைவரிசையில் ஏற்றும் கருவி). எல்லா மாடுலேட்டர் வெளியீடும் ஒரு கம்பைனரில் சேர்ந்து, ஆம்ப்ளிஃபயர் வழியாகத் தெருவுக்குப் போகும். ஒவ்வொரு சேனலுக்கும் 7 மெகாஹெர்ட்ஸ் இடம். இதில் காலியாக உள்ள ஒரு 7 மெகாஹெர்ட்ஸில் இன்னொரு மாடுலேட்டரைச் செருகி, அதன் ஏ.வி. உள்ளீட்டில் ஒரு வி.சி.டி. பிளேயரையோ டிவி அவுட் கார்டு உள்ள கணினியையோ மாட்டினால் உள்ளூர் சேனல் தயார். யார் அனுமதியும் தேவையில்லை. சாவி கேபிள்காரரின் சட்டைப்பையில். ஒரு கேமரா, எடிட்டிங் கணினி, வாசிக்க ஒருவர், நீலத் திரை, இரண்டு ஹாலஜன் விளக்கு. ஒரு நாள் செய்தி 15 முதல் 20 நிமிடம். மாலையில் ஒரு முறை, இரவில் ஒரு முறை, மறுநாள் காலையில் ஒரு முறை அதையே போடுவார்கள்.

எங்கே பிசகும் என்பதற்கு ஒரு உதாரணம் போதும். உள்ளூர் செய்தி ஓடும்போது மட்டும் டிவி ஒலியில் ‘பர்ர்’ என்று இரைச்சல் வரும். ஆடியோ வயரை மாற்றுவார்கள், மைக்கை மாற்றுவார்கள், போகாது. குற்றவாளி கீழே ஓடும் வெள்ளை எழுத்து. நம் ஊர் அனலாக் ஒளிபரப்பான பால்-பி முறையில் வெள்ளை என்றால் கேரியரின், அதாவது சிக்னலைச் சுமக்கும் அலையின், சக்தி குறைந்தபட்சம். கணினியிலிருந்து வரும் பளீர் வெள்ளை அளவை மீறினால் அந்தக் கணத்தில் வீடியோ கேரியர் கிட்டத்தட்ட அணைந்துவிடும். டிவிப் பெட்டியோ வீடியோ கேரியருக்கும் ஆடியோ கேரியருக்கும் இடையிலுள்ள 5.5 மெகாஹெர்ட்ஸ் வித்தியாசத்திலிருந்துதான் ஒலியை எடுக்கிறது. ஒன்று அணைந்தால் வித்தியாசம் அறுந்து இரைச்சலாகிறது. மாடுலேட்டரில் வீடியோ அளவுக் குமிழைச் சற்றுக் குறைத்து, எழுத்தை முக்கால் பிரகாசச் சாம்பலாகவோ மஞ்சளாகவோ மாற்றினால் தீர்ந்தது. அக்காலத்து உள்ளூர் ஸ்க்ரோல்கள் பல மஞ்சளாக இருந்ததற்கு அழகு மட்டும் காரணமில்லை.

எழுத்திலேயே இன்னும் சில. மெல்லிய கிடைக்கோடுள்ள எழுத்துருவில் இன்டர்லேஸ் நடுக்கம் (ஒற்றை வரிகளும் இரட்டை வரிகளும் மாறிமாறி வருவதால் உண்டாவது) தெரியும். தடித்த எழுத்து வேண்டும். பழைய பிக்சர் டியூப் டிவிகள் படத்தின் ஓரத்தை மறைக்கும் என்பதால், 576 வரிகளில் கீழே 57 வரியை விட்டு அதற்கு மேல் ஸ்க்ரோலை வைக்க வேண்டும். நகரும் வேகம் ஒரு ஃபீல்டுக்கு (விநாடிக்கு 50 வரும் அரைப்படம்) முழு எண்ணிக்கையில் பிக்சலாக இருக்க வேண்டும். 2 பிக்சல் என்றால் திரையைக் கடக்க 7 விநாடி. ஒன்றரை என்று வைத்தால் எழுத்து உதறும், இறந்தவர் பெயரைப் படிக்க முடியாது, மறுநாள் காலை குடும்பத்தார் வாசலில் நிற்பார்கள்.

இன்னொரு தொல்லை இடத்தேர்வு. ஊரில் தூர்தர்ஷன் குறைசக்தி நிலையம் எந்த சேனல் எண்ணில் ஒளிபரப்புகிறதோ அதே எண்ணைக் கேபிளில் உள்ளூர் சேனலுக்குக் கொடுத்தால் அதன் படத்தில் தூர்தர்ஷன் படம் மங்கலாக ஊடாடும்; தூர்தர்ஷனுக்கே கொடுத்தால் படத்துக்கு இடப்புறம் ஒரு நிழற்படம் விழும். காற்றில் வரும் சிக்னல் கேபிளில் வருவதைவிட முந்தி டிவிக்குள் நுழைவதால் இப்படி. சுவரில் பட்டுத் தெறித்து வரும் சாதாரண நிழல் வலப்புறம் விழும். இடப்புறம் என்றாலே நேரடி நுழைவு என்று கண்டுபிடித்துவிடலாம்.

தெருவில் மின்சாரமும் ஒரு தலைவலி. வழியிலுள்ள ஆம்ப்ளிஃபயர்களுக்குப் பெரும்பாலும் ஏதாவது ஒரு வீட்டிலிருந்தோ கடையிலிருந்தோ கரண்ட் எடுப்பார்கள். பதிலுக்கு அந்த வீட்டுக்குச் சந்தா கிடையாது. அந்த வீட்டில் ஃபியூஸ் போனால் அதற்குப் பின்னால் உள்ள தெரு முழுக்க இருட்டு. வயர் மின்கம்பங்களிலேயே கட்டப்பட்டிருக்கும். 2018 நவம்பர் 16இல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயல் ஒரு லட்சத்துக்கும் அதிகமான மின்கம்பங்களைச் சாய்த்தபோது கேபிளும் கூடவே விழுந்தது. எந்தப் பள்ளியில் முகாம், எந்தச் சாலை திறந்திருக்கிறது என்ற உள்ளூர்த் தகவல் உயிராக வேண்டியிருந்த நாட்களில், அதைச் சொல்லக்கூடிய ஒரே திரை அணைந்து கிடந்தது.

சட்டத்தின் கண்ணில் வீடியோ பிளேயர்

1995ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி ஒழுங்குமுறைச் சட்டம் ஆபரேட்டரைத் தலைமை அஞ்சலகத்தில் பதிவு செய்யச் சொன்னது. ‘நிகழ்ச்சி’ என்பதற்கு அது தந்த விளக்கத்தில் வீடியோ கேசட் பிளேயர் மூலம் காட்டும் படம், நாடகம், தொடர், விளம்பரம் எல்லாம் உண்டு. நேரடி நிகழ்ச்சிகளும் உண்டு. செய்தி என்று தனியே எதுவும் இல்லை. செயற்கைக்கோள் சேனல் செய்தி வாசிக்க மத்திய அரசின் தனி அனுமதி வேண்டும். தெருக்கோடிக் கேபிள்காரருக்கு அஞ்சலகப் பதிவே போதும் என்ற விசித்திர நிலை இப்படி உண்டானது. சேனலுக்கென்று உரிமம் இல்லாததால் சேனலுக்கென்று பாதுகாப்பும் இல்லை. மாவட்ட ஆட்சியரோ கோட்டாட்சியரோ காவல் ஆணையரோ நிகழ்ச்சி விதிகளை மீறியதாகக் கருதினால் ஒளிபரப்பைத் தடுக்க 19ஆம் பிரிவு இடம் தருகிறது. நகராட்சியைக் குறை சொல்லும் செய்தியை வாசிக்கும்போது இந்தப் பிரிவு எல்லோருக்கும் நினைவில் இருக்கும்.

உள்ளூர் சேனல்கள் தாமே வரவழைத்துக்கொண்ட ஆபத்தும் உண்டு. செய்தியால் வருமானம் குறைவு. புதுப்படத் திருட்டு வி.சி.டி.யால் கூட்டம் அதிகம். 2004இல் தமிழ்நாடு அரசு திருட்டு வீடியோக்காரர்களைக் குண்டர் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தது. சோதனையில் கன்ட்ரோல் ரூமுக்குச் சீல் வைத்தால் படத்தோடு செய்தியும் போகும். ஒரே பிளேயர், ஒரே மாடுலேட்டர்.

தேர்தல் நேரத்து வேட்பாளர் ‘செய்தி’களைப் பற்றி விரிவாகச் சொல்லத் தேவையில்லை. ஜவுளிக்கடைக்காரரைப் பற்றி மோசமாக எதுவும் வராது, ஆளுங்கட்சிக் கவுன்சிலரைப் பற்றிப் பாதி வரும், குப்பைத்தொட்டியைப் பற்றி முழுதாக வரும். அதுவும் குறைந்த லாபம் அல்ல. வேறு எந்தத் திரையும் குப்பைத்தொட்டியைக் காட்டவில்லை.

இடம் விலைக்குப் போனது

கேபிளில் எல்லா இடமும் சமமல்ல. சாதாரண ஆர்.ஜி.-6 வயரில் 100 மீட்டருக்கு 211 மெகாஹெர்ட்ஸில் சுமார் 10 டெசிபெல் இழப்பு. 550 மெகாஹெர்ட்ஸில் 16. கீழ் அலைவரிசையில் படம் தெளிவு. மேலே போகப்போகப் புள்ளி. பழைய டிவிகள் சில மேல் அலைவரிசைகளைப் பிடிக்கவே மாட்டா. கீழேயுள்ள சில இடங்களுக்கு ‘பிரைம் பேண்ட்’ என்று பெயர் வைத்து, அங்கே வைப்பதற்குச் செயற்கைக்கோள் சேனல்கள் பணம் கொடுக்கத் தொடங்கின. இதுவரை சும்மா கிடந்த 7 மெகாஹெர்ட்ஸ் இப்போது மாத வருமானம். உள்ளூர் சேனலை மேலே தள்ளினார்கள். பழைய டிவி வைத்திருந்த வீடுகளில், அதாவது அதை அதிகம் பார்த்த வீடுகளில், அது மறைந்தது.

கூடவே பல ஆபரேட்டர்களுக்கு மொத்தமாகச் சிக்னல் கொடுக்கும் எம்.எஸ்.ஓ. எனும் பெரிய நிறுவனங்கள் வந்தன. சென்னையில் சுமங்கலி கேபிள் விஷன், ஹாத்வே. ஃபைபரில் சிக்னல் வந்தது. தெருக் கன்ட்ரோல் ரூம்கள் மூடப்பட்டு, சிறு ஆபரேட்டர் வயர் பராமரித்துச் சந்தா வசூலிப்பவராக ஆனார். இருந்தும் அனலாக் காலத்தில் ஒரு வழி பாக்கி இருந்தது: வரும் சிக்னலில் காலியிடம் பார்த்து, தன் எல்லையில் ஒரு மாடுலேட்டரைச் செருகிவிடலாம். சாவி கைமாறினாலும் பின்வாசல் திறந்தே இருந்தது.

2007 அக்டோபரில் தமிழ்நாடு அரசு கேபிள் டிவி நிறுவனம் உருவானது. சில ஆண்டுகள் முடங்கிக் கிடந்து, 2011 செப்டம்பர் 2 முதல் மாதம் 70 ரூபாய்ச் சந்தாவில் புத்துயிர் பெற்றது. அதில் 20 ரூபாய் நிறுவனத்துக்கு, மீதி ஆபரேட்டருக்கு. தனியார் பிடியைத் தளர்த்தியது உண்மை. உள்ளூர் சேனல்களுக்குக் கட்டணம் பெற்று இடமும் தந்தது. ஆனால் ஊரைக் கவனிக்கும் செய்தி, இப்போது அரசு கொடுக்கும் இடத்தில், அரசு நிர்ணயிக்கும் கட்டணத்தில் ஓட வேண்டியதானது. தொலைக்காட்சியில் அரசுக்கு வெளியே ஒரு குரல் என்று 1993இல் தொடங்கிய பயணம் மாவட்ட அளவில் வந்து சேர்ந்த இடம் இது.

பெட்டி பூட்டியது

2011 சட்டத் திருத்தம் மறையாக்கம் செய்த, அதாவது செட்டாப் பாக்ஸ் இருந்தால்தான் திறக்கும், டிஜிட்டல் சிக்னலைக் கட்டாயமாக்கியது. நான்கு பெருநகரங்களுக்கு 2012 அக்டோபர் 31 என்று கெடு வைத்தார்கள். கோவை உள்ளிட்ட 38 நகரங்களுக்கு 2013 மார்ச். மற்ற நகர்ப்பகுதிகளுக்கு 2015 டிசம்பர். கிராமங்களுக்கு நீட்டிப்புக்குப் பின் 2017 மார்ச். அரசு கேபிளுக்கு டிஜிட்டல் உரிமம் 2017 ஏப்ரலில்தான் கிடைத்தது. அதே ஆண்டு செட்டாப் பாக்ஸ் விநியோகம் தொடங்கியது.

டிஜிட்டலில் இடப்பஞ்சம் என்ற பேச்சே இருக்கக்கூடாது. 64 க்யூ.ஏ.எம். எனும் டிஜிட்டல் அனுப்பு முறையில் 8 மெகாஹெர்ட்ஸ் இடம் விநாடிக்கு 38 மெகாபிட் சுமக்கும். எம்பெக்-4 சுருக்க முறையில் ஒரு சாதாரண சேனலுக்கு 2 மெகாபிட் என்றாலும், முன்பு ஏறக்குறைய ஒன்று இருந்த இடத்தில் பத்தொன்பது. சிக்கல் நுழைவாயிலில். சேனலை என்கோடரில் சுருக்கி, மல்டிபிளெக்சரில் மற்றவற்றோடு கோத்து, மறையாக்கம் செய்து, பெட்டி அடையாளம் காணும் அட்டவணையில் பெயரும் எண்ணும் ஏற்ற வேண்டும். இத்தனையும் எம்.எஸ்.ஓ.வின் தலைமைக் கன்ட்ரோல் ரூமில்தான் நடக்கும். தெருவில் பழைய மாடுலேட்டரைச் செருகினால் சிக்னல் வயரில் போகும்தான். பெட்டி அதைக் கண்டுகொள்ளாது, சட்டமும் அனுமதிக்காது. பின்வாசல் அடைபட்டது.

தலைமை அறை சென்னையில் இருந்தால் தேனி உள்ளூர் சேனல் இணைய வழியாகச் சென்னைக்குப் போய், அங்கே கோக்கப்பட்டு, திரும்பத் தேனிக்கு வர வேண்டும். தேனிக்கு மட்டும் போக வேண்டுமென்றால் மாவட்டத்திலேயே தனி மல்டிபிளெக்சரும் மறையாக்கக் கருவியும் வேண்டும். அந்தச் செலவுக்குத் தயங்குகிறவர்கள் மாநிலம் முழுக்க அதைச் சுமக்கிறார்கள், அதற்கேற்பக் கட்டணமும் கேட்கிறார்கள். ஜவுளிக்கடை விளம்பரத்தை நம்பி ஓடிய சேனலுக்கு இது தாங்காது. பலர் அதே கேமராவோடு யூடியூபுக்குப் போனது இந்தக் கட்டத்தில்தான்.

2022 விதிகள்

2022 நவம்பர் 30இல் மத்தியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் ‘பிளாட்ஃபார்ம் சர்வீஸ்’ என்ற பெயரில் எம்.எஸ்.ஓ.க்களின் சொந்த சேனல்களுக்கு விதிகள் வெளியிட்டது. இப்போதும் உள்ளூர் சேனல் நடத்த நினைப்பவர் முதலில் படிக்க வேண்டியது இதைத்தான். சேனலுக்கு ஒருமுறைப் பதிவுக் கட்டணம் 1,000 ரூபாய். மொத்தச் சேனல் கொள்ளளவில் 5 சதவீதம் வரை, மாநில அளவில் கணக்கிட்டு, இப்படிச் சொந்த சேனல் நடத்தலாம். அதற்கு மேல் மாவட்டத்துக்கு இரண்டு சேனல். மாவட்டம் என்ற அலகை விதி ஏற்றுக்கொண்டது பெரிய மாற்றம்தான். உள்ளூர்ச் செய்தி போட வேண்டுமானால் நடத்தும் அமைப்பு கம்பெனியாகப் பதிவாகியிருக்க வேண்டும். இந்த சேனல்கள் பட்டியலில் ஒரே தொகுப்பாக, தனி அடையாளத்தோடு இருக்க வேண்டும். ஒளிபரப்பியதை 90 நாள் சேமித்து வைக்க வேண்டும்.

சேமிப்பைக் கேட்டு மிரள வேண்டாம். விநாடிக்கு 2 மெகாபிட் என்றால் நாளுக்கு 21.6 ஜி.பி.; 90 நாளுக்கு 1.94 டி.பி. ஒரு 4 டி.பி. ஹார்டு டிஸ்க், அதன் நகலாக இன்னொன்று, கோப்பின் பெயரில் தேதியும் மணியும் இருந்தால் போதும். சிக்னலை அனுப்ப 4 முதல் 5 மெகாபிட் நிலையான மேலேற்ற வேகம் உள்ள இரண்டு இணைப்புகள் வேண்டும். இரண்டும் வெவ்வேறு நிறுவனத்துடையதாக, முடிந்தால் வெவ்வேறு தெரு வழியாக வருவதாக இருக்க வேண்டும். ஒரே கம்பத்தில் இரண்டும் வந்தால் ஒரு லாரி போதும்.

இடிக்கும் விதி வேறொன்று. ஒரு நிறுவனத்தின் பிளாட்ஃபார்ம் சர்வீஸ் உள்ளடக்கம் அந்த நிறுவனத்துக்கு மட்டுமே உரியது. நேரடியாகவோ மறைமுகமாகவோ வேறு எந்த விநியோக நிறுவனத்தோடும் பகிரக்கூடாது. கோயில், குருத்வாரா போன்ற வழிபாட்டுத் தலங்களின் நேரலைக்கு மட்டும் விலக்கு உண்டு. ஒரு நடுத்தர ஊரில் இன்று அரசு கேபிள் ஒரு பக்கம், ஒன்றிரண்டு தனியார் எம்.எஸ்.ஓ.க்கள் ஒரு பக்கம், டி.டி.எச். ஒரு பக்கம். தேர்த்திருவிழாவை எல்லாப் பெட்டிகளிலும் காட்டலாம். அதே தெருவின் குடிநீர்ச் செய்தியைக் காட்ட ஒரு நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மற்ற வீடுகளுக்கு அது போகாது.